கேசட், சிடி, எம்பி3: வீட்டுப் பாட்டுச் சேகரத்தைக் கணினியில் ஒழுங்காகக் கட்டுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

பெங்களூருவில் அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ நாற்பது வருஷமாகக் குடியிருக்கும் ஒரு தமிழ் வீட்டின் அலமாரியைத் திறந்தால் நாலு காலத்துச் சரக்கு ஒன்றாகக் கிடக்கும். அடித்தட்டில் கேசட்டுகள். அதற்கு மேல் ஒரிஜினல் ஆடியோ சிடிகள். அதற்கும் மேல், ஸ்கெட்ச் பேனாவில் 'பழைய ஹிட்ஸ் 150' என்று எழுதிய எம்பி3 சிடிகள். ஓரத்தில், எந்த போனுக்கு வாங்கியது என்றே மறந்துபோன மெமரி கார்டு ஒன்று. எல்லாவற்றையும் ஒரே டிஸ்க்கில் சேர்க்க உட்கார்ந்தவர்கள் பலரும் 'எந்த ஃபார்மேட் நல்லது' என்று தேடுவதிலேயே முதல் வாரத்தைக் கரைத்துவிடுகிறார்கள். ஃபார்மேட்டை முடிவு செய்யப் பத்து நிமிஷம் போதும். மாதக்கணக்கில் வேலை வாங்குவது பாட்டுகளுக்குப் பெயர் வைப்பதுதான். அதனால் இந்த வழிகாட்டியிலும் அதற்கே அதிக இடம்.

கணினியைத் தொடுவதற்கு முன் சரக்கை நாலு குவியலாகப் பிரியுங்கள்: கேசட், ஆடியோ சிடி, எம்பி3யாகவே வந்தவை, காசு கொடுத்து டவுன்லோடு செய்தவை. நாலுக்கும் கையாளும் முறை வேறு. ஸ்ட்ரீமிங் ஆப்பில் 'டவுன்லோடு' என்று அழுத்திச் சேமித்த பாட்டுகளை எதிலும் சேர்க்க வேண்டாம். அவை பூட்டுப் போட்ட ஃபைல்கள். சந்தா நின்றால் பாட்டும் நின்றுவிடும்.

ஃபார்மேட்: இரண்டு அடுக்கு போதும்

ஆடியோ சிடியில் ஒலி விநாடிக்கு 44,100 தடவை, 16 பிட் அளவில், இரண்டு சேனலாகப் பதிவாகியிருக்கிறது. கணக்குப் போட்டால் 1,411 கேபிபிஎஸ் (விநாடிக்கு இத்தனை ஆயிரம் பிட்), நிமிஷத்துக்கு சுமார் 10.6 மெகாபைட். ஐந்து நிமிஷப் பாட்டு 53 மெகாபைட் பிடிக்கும். இதை அப்படியே வைப்பதுதான் வேவ் ஃபைல். அதில் பாடகர் பெயர், படப் பெயர் எழுதும் வசதி அரைகுறை. ஒரு பிளேயரில் எழுதியதை இன்னொரு பிளேயர் படிக்காது. சேகரத்துக்கு வேவ் வேண்டாம்.

ஃபிளாக் அதே ஒலியை ஒரு துளியும் இழக்காமல் சுருக்குகிறது. சினிமாப் பாட்டு பெரும்பாலும் மூல அளவில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை இருக்கும்படி சுருங்கும். ஐந்து நிமிஷப் பாட்டுக்கு சுமார் 30 மெகாபைட். பத்தாயிரம் பாட்டு 300 ஜிபிக்குள் அடங்கிவிடும். 1 டிபி ஹார்டு டிஸ்க் கிடைக்கும் காலத்தில் இடத்தை நினைத்துக் கஞ்சத்தனம் காட்டத் தேவையில்லை. ஃபிளாக்கில் 0 முதல் 8 வரை சுருக்க நிலைகள் உண்டு. எண் கூடினால் ஒலித்தரம் கூடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். மாறுவது ஃபைலின் அளவும் சுருக்க ஆகும் நேரமும் மட்டுமே. 5 என்ற வழக்கமான நிலையிலேயே விட்டுவிடுங்கள்.

ஃபிளாக்கைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணம் உண்டு, அதிகம் பேசப்படாதது. ஒவ்வொரு ஃபைலுக்குள்ளும் மூல ஒலியிலிருந்து கணக்கிட்ட எம்டி5 கையொப்பம் என்ற சரிபார்ப்பு எண் இருக்கும். டிஸ்க் பழுதாகி ஃபைலின் ஒலிப் பகுதியில் ஒரு பிட் மாறினாலும், சோதித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வேவில் இந்த வசதி இல்லை.

ஐபோனின் மியூசிக் ஆப் ஃபிளாக்கை ஏற்காது. வீடு முழுக்க ஆப்பிள் சாதனம் என்றால் ஏலாக் வைத்துக்கொள்ளலாம். அதுவும் இழப்பில்லாத ஃபார்மேட்தான். ஃபிளாக்கிலிருந்து ஏலாக், ஏலாக்கிலிருந்து ஃபிளாக் என்று எத்தனை முறை மாற்றினாலும் ஒலி குறையாது.

இது முதல் அடுக்கு: மூலப் பிரதி. இதை எடுத்துத் திருத்துவதோ போனில் ஏற்றுவதோ கிடையாது. இரண்டாவது அடுக்கு, போனுக்கும் காருக்கும் அதிலிருந்து எடுக்கும் நகல். போனுக்கு ஓபஸ் என்ற சுருக்க ஃபார்மேட்டில் 128 கேபிபிஎஸ் போதும், ஐந்து நிமிஷப் பாட்டு 5 மெகாபைட்டுக்குள் முடிந்துவிடும். காருக்கு எம்பி3. லேம் என்கோடரில் வி0 என்ற அமைப்பு சராசரி 245 கேபிபிஎஸ் தரும், வி2 சுமார் 190. ஓடும் காரில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பவர் அரிது. நகல் தொலைந்தால் கவலை இல்லை, ஒரு மணி நேரத்தில் திரும்ப எடுத்துவிடலாம்.

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்று விற்பவற்றைப் பற்றி: மனிதக் காது அதிகபட்சம் 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும், வயதாக ஆக அதுவும் குறையும். சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவு 22 கிலோஹெர்ட்ஸ் வரை தாங்கும். கேட்பதற்கு சிடி தரம் போதும். 24 பிட் உண்மையிலேயே உதவுவது பதிவு செய்யும்போது. கேசட் பகுதியில் அது வருகிறது.

ஆடியோ சிடியை ரிப் செய்வது

ரிப் என்றால் சிடியில் உள்ள ஒலியைக் கணினிக்கு ஃபைலாக எடுப்பது. அதற்கு விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக்கில் எக்ஸ்எல்டி, லினக்ஸில் விப்பர். மூன்றும் இலவசம். லேப்டாப்பில் டிரைவ் இல்லாவிட்டால் யூஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்று வாங்கிக்கொள்ளலாம், எஸ்.பி. ரோட்டில் வரிசையாகக் கிடைக்கும். முடிந்தால் பழைய டெஸ்க்டாப் டிரைவ் ஒன்றையும் கைவசம் வையுங்கள். ஒரு டிரைவ் படிக்கத் திணறும் சிடியை இன்னொன்று சுலபமாகப் படிப்பது சகஜம்.

1. சிடியை மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேர்க்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தோடேயே ஓடும். அதை டிரைவால் சரிக்கட்ட முடியாது.

2. மென்பொருளில் 'செக்யூர்' முறையைத் தேர்ந்தெடுங்கள். சந்தேகமான இடத்தை மறுபடி மறுபடி படித்து ஒப்பிட்டுப் பார்க்கும் முறை இது. 'பர்ஸ்ட்' முறை வேகமானது, ஆனால் தவறு நடந்தாலும் பல நேரம் சொல்லாது.

3. அக்யூரேட்ரிப் என்ற பொதுத் தரவுத்தளத்தோடு ஒப்பிடும் வசதியைப் போட்டுவையுங்கள். அதே சிடியை உலகில் வேறு யாராவது ரிப் செய்திருந்தால், உங்கள் பதிவும் அவர்கள் பதிவும் ஒன்றா என்று அது சொல்லும். ஹிந்தி, ஆங்கில சிடிகளுக்குப் பெரும்பாலும் விடை வரும். பழைய தமிழ், கன்னட சிடிகளில் பல அதில் இருக்காது. அப்போது 'டெஸ்ட் அண்டு காப்பி' கொடுங்கள். இரண்டு தடவை படித்து சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண்கள் இரண்டைக் காட்டும். இரண்டும் ஒன்றானால் நம்பலாம். வேறாக இருந்தால் அந்தப் பாட்டை மட்டும் வேறு டிரைவில் முயலுங்கள்.

4. ரிப் முடிந்ததும் வரும் லாக் ஃபைலை அந்த ஃபோல்டரிலேயே விட்டுவையுங்கள். ஐந்து வருஷம் கழித்து 'இது நல்ல ரிப்தானா' என்ற கேள்வி வரும்போது பதில் சொல்ல அது ஒன்றுதான் இருக்கும்.

பாட்டுப் பெயரைத் தானாக இழுத்துவர, பழைய வழிகாட்டிகள் ஃப்ரீடிபி என்ற சேவையைக் காட்டும். அது 2020இல் மூடப்பட்டுவிட்டது. இப்போது மியூசிக்பிரெயின்ஸ். தமிழ் சிடிக்குப் பெயர் கிடைத்தாலும் எழுத்துக்கூட்டலைச் சரிபார்க்காமல் ஏற்காதீர்கள்.

கேசட்: அவசரப்பட்டால் கெடும்

கேசட்டில் எல்லாமே பிளேயரின் நிலையைப் பொறுத்தது. எத்தனை நல்ல மென்பொருள் இருந்தாலும் அழுக்கேறிய ஹெட்டிலிருந்து தெளிவான ஒலி வராது.

முதலில் 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்து ஹெட்டையும், அதன் பக்கத்தில் சுழலும் உலோகக் கம்பியையும் துடையுங்கள். பஞ்சில் பழுப்பு நிறம் வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். பல வருஷம் ஓடாத கேசட்டை உடனே போட்டுவிடாதீர்கள். ஒரு தடவை முழுக்க முன்னே ஓட்டி, முழுக்கப் பின்னே ஓட்டுங்கள், இறுகிய சுருள் தளரும். டேப்பை ஹெட்டின் மேல் அழுத்தும் சின்ன ஃபெல்ட் துண்டு விழுந்திருக்கிறதா பாருங்கள். விழுந்திருந்தால் ஒலி மங்கிமங்கி வரும். டேப்பில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. மற்ற கேசட்டுகளைப் போட்ட டெக்கிலேயே அதையும் போட்டால் ஹெட் வழியாக எல்லாவற்றுக்கும் பரவும்.

அடுத்து இணைப்பு. டெக்கின் பின்பக்கம் உள்ள லைன் அவுட்டிலிருந்து யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸின் லைன் இன்னுக்கு. லேப்டாப்பில் இருக்கும் ஒற்றை ஹெட்போன் ஓட்டையில் சொருகினால் அது மைக் உள்ளீடு. ஒலி ஒற்றைச் சேனலாகும், உடைந்தும் வரும். புதிதாகச் செய்பவர்களில் பாதிப்பேர் இடறுவது இங்கேதான்.

பதிவு செய்யும்போது 'ஹம்ம்ம்' என்று தாழ்ந்த இரைச்சல் கேட்டால் அது நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு அடங்கும்.

ஆடாசிட்டி என்ற பதிவு மென்பொருளில் 48 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ என்று வைத்து, பாட்டின் மிகச் சத்தமான இடம் மைனஸ் 6 டெசிபலைத் தொடும்படி அளவைச் சரிசெய்யுங்கள். முடிந்ததும் 24 பிட் ஃபிளாக்காகச் சேமியுங்கள். 24 பிட்டின் பயன் இதுதான்: தாழ்ந்த அளவில் பதிவு செய்து பிறகு கூட்டினாலும் இரைச்சல் கூடித் தெரியாது. அந்தத் தைரியத்தில் மேலே இடம் விட்டுப் பதியலாம். சுருக்குவதற்கு முன் நிமிஷத்துக்கு 17 மெகாபைட், சி-90 கேசட் முழுவதும் ஒன்றரை ஜிபி.

வேகத்தைச் சரிபார்க்காமல் விடாதீர்கள். பெல்ட் தளர்ந்த டெக்கில் பாட்டு மெதுவாக ஓடும், கூடவே சுருதியும் இறங்கும். கர்நாடக இசைக் கச்சேரி என்றால் கண்டுபிடிப்பது சுலபம். அந்தப் பாடகர் வழக்கமாகப் பாடும் சுருதி எத்தனை கட்டை என்று தெரிந்திருக்கும். போனில் ஒரு டியூனர் ஆப்பைத் திறந்து, தம்புரா மட்டும் ஒலிக்கும் இடத்தில் பாருங்கள். நாலு கட்டையில் பாடுகிறவர் நாலரையில் பாடினால் டேப் சுமார் 6 சதவீதம் வேகமாக ஓடியிருக்கிறது என்று அர்த்தம். சில நேரம் பதிவு செய்த மெஷினிலேயே கோளாறு இருந்திருக்கும். ஆடாசிட்டியில் வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் வசதியால் சரிசெய்யலாம். சுருதியை மட்டும் மாற்றும் வசதியைத் தொடாதீர்கள், அதில் காலப்பிரமாணம் பழையபடியே தவறாக நிற்கும்.

இரைச்சல் நீக்குவதில் கை அடக்கமாக இருக்கட்டும். பாட்டுக்கு முன் வெறும் 'ஸ்ஸ்' மட்டும் ஒலிக்கும் ஒரு விநாடியைத் தேர்ந்தெடுத்து மாதிரியாகக் கொடுத்து, 6 டெசிபல் அளவுக்குக் குறையுங்கள். 20, 25 என்று ஏற்றினால் இரைச்சல் போய்விடும், கூடவே மிருதங்கத்தின் நாதமும் போய், பாட்டு தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல ஆகும். எதுவானாலும் கை வைக்காத பதிவு ஒன்று தனி ஃபோல்டரில் இருக்க வேண்டும். சுத்தம் செய்வதெல்லாம் நகலில்.

எம்பி3 குவியல்

எம்பி3யாக வந்தது எம்பி3யாகவே இருக்கட்டும். அதை ஃபிளாக்காக மாற்றினால் போன ஒலி திரும்பாது, ஃபைல் மட்டும் பெருக்கும். இன்னொரு எம்பி3யாக மாற்றினால் இன்னும் கெடும்.

கையில் இருப்பது எந்தத் தரம் என்று பார்க்க ஸ்பெக் என்ற சின்ன இலவச மென்பொருள் போதும். ஃபைலை இழுத்து உள்ளே போட்டால் ஒலியின் நிறமாலை தெரியும். 128 கேபிபிஎஸ் எம்பி3 பொதுவாக 16 கிலோஹெர்ட்ஸ் அருகே கத்தியால் வெட்டினதுபோல் நிற்கும். 320 என்றால் 20 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். 'ஃபிளாக்' என்று பெயர் போட்ட ஃபைல் 16இல் வெட்டுப்பட்டிருந்தால் யாரோ எம்பி3யை ஃபிளாக் சட்டைக்குள் திணித்திருக்கிறார்கள். கடையில் எரித்துக் கொடுத்த 'ஆடியோ சிடி'களிலும் இதைப் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. ஐம்பது, அறுபதுகளின் பாட்டுகளில் மேல் அலைவரிசை இயல்பாகவே இருக்காது. நிறமாலை மேலே போகப்போக மெல்லக் கரைந்து மறையும். போலியில் சுவர் வைத்ததுபோல் நேர்க்கோடு தெரியும். கரைவதையும் வெட்டுவதையும் குழப்பிக்கொண்டு நல்ல ரிப்பைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள்.

பெயர் வைப்பது: இங்கேதான் வேலை

ஃபைலுக்குள் பாட்டின் விவரங்களை எழுதும் இடங்களுக்கு டேக் என்று பெயர். சினிமாப் பாட்டுக்கு இந்த ஒழுங்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆல்பம் என்ற இடத்தில் படத்தின் பெயர். ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் இடத்தில் இசையமைப்பாளர். ஆர்ட்டிஸ்ட் இடத்தில் பாடியவர்கள். கம்போசரில் மறுபடியும் இசையமைப்பாளர். லிரிசிஸ்ட்டில் பாடலாசிரியர். ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்டைக் காலியாக விட்டால், ஆறு பாட்டை ஆறு ஜோடி பாடிய படம் பிளேயரில் ஆறு ஆல்பமாகச் சிதறும். சேகரம் குப்பையாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் இந்த ஒரு வெற்றிடம்தான் காரணம்.

ஆண்டையும் கட்டாயம் போடுங்கள். 'பில்லா' என்றால் 1980இல் எம்.எஸ்.விஸ்வநாதனும் உண்டு, 2007இல் யுவன் சங்கர் ராஜாவும் உண்டு. ஃபோல்டர் பெயரிலேயே '1980 - பில்லா' என்று ஆண்டு முன்னால் நின்றால் இரண்டும் ஒன்றோடொன்று கலக்காது.

அடுத்தது எழுத்துக்கூட்டல். ஆங்கில எழுத்தில் இளையராஜாவை எழுதும்போது எல் ஒன்றா இரண்டா, நடுவில் ஐ உண்டா, ராஜாவில் ஏ எத்தனை என்று ஆளுக்கொரு வழக்கம். மென்பொருளுக்கு ஒவ்வொன்றும் தனி ஆள். தமிழில் எழுதினால் தீர்ந்தது என்று நினைத்தால் அங்கேயும் ஒரு கண்ணி: 'எஸ்.ஜானகி' என்பதும், புள்ளிக்குப் பின் இடைவெளி விட்ட 'எஸ். ஜானகி' என்பதும் இரண்டு பேர். ஏதாவது ஒன்றை முடிவு செய்து, ஒரு நோட்டுப் புத்தகத்திலோ எக்ஸெல் ஷீட்டிலோ நூறு பெயருக்குப் பட்டியல் எழுதிவைத்து, அதிலிருந்தே ஒட்டுங்கள்.

இன்னொரு சிக்கல் தமிழுக்கே உரியது. எஸ்.ஜானகி, எஸ்.பி.பாலசுப்ரமணியம், எம்.எஸ்.விஸ்வநாதன், எல்.ஆர்.ஈஸ்வரி, இவர்கள் அத்தனை பேரும் அகர வரிசையில் 'எ'வில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். எஸ், எம், எல், என் எல்லாமே எகரத்தில் தொடங்குவதால் வந்த வினை. இதற்காகவே 'ஆர்ட்டிஸ்ட் சார்ட்' என்று ஒரு டேக் உண்டு. அதில் 'ஜானகி, எஸ்.' என்று எழுதினால், திரையில் எஸ்.ஜானகி என்றே தெரியும், வரிசையில் 'ஜ'வில் நிற்பார்.

டேக் எழுத விண்டோஸில் எம்பி3டேக் போல் ஒன்று இல்லை. பெயர்தான் எம்பி3, ஃபிளாக், ஓபஸ் எல்லாவற்றிலும் எழுதும். நூறு ஃபைலைத் தேர்ந்தெடுத்து ஒரே அடியில் ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்டை மாற்றலாம். எம்பி3 ஃபைல்களுக்கு அதன் அமைப்பில் ஐடி3 பதிப்பு 2.3, யூடிஎஃப்-16 என்று இருக்கட்டும். தமிழும் எழுதும், பழைய சாதனங்களும் படிக்கும். மியூசிக்பிரெயின்ஸ் பிக்கார்ட் ஒலியைக் கேட்டே பாட்டை அடையாளம் காணும். ஆனால் தமிழ்ப் படப் பாட்டுகளில் அதே பாட்டு ஏதோ ஒரு 'ஹிட்ஸ்' தொகுப்பில் இருப்பதைக் கண்டு அந்தத் தொகுப்பின் பெயரைப் போட்டுவிடும். ஃபைல் பெயரைத் தானாக மாற்றும் வசதியை அணைத்துவிட்டு, ஒவ்வொரு ஆல்பமாகப் பார்த்துச் சேமியுங்கள்.

இரண்டாயிரங்களின் எம்பி3களில் டேக் திறந்தால் கோணல்மாணலாக வரும் எழுத்துகள் பெரும்பாலும் திஸ்கி, டாப் போன்ற பழைய குறியீட்டில் எழுதிய தமிழ். என்எச்எம் கன்வர்ட்டரில் ஒட்டி யூனிகோடாக மாற்றினால் பல நேரம் அப்படியே உயிர்பெறும்.

ஃபைல் பெயரைத் தமிழில் வைப்பதா என்று கேட்டால், டேக் தமிழில், ஃபைல் பெயர் ஆங்கில எழுத்தில் என்பதே எங்கள் பரிந்துரை. காரணம் வெறும் பழக்கம் இல்லை. லினக்ஸ் டிஸ்க்கில் ஒரு ஃபைல் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடு. 'எஸ்.பி.பாலசுப்ரமணியம்' என்ற பெயர் மட்டுமே 59 பைட். நாலு பாடகர் பெயரும் பாட்டின் முதல் வரியும் சேர்ந்தால் எல்லை தாண்டிவிடும். நகல் எடுக்கும்போது அந்த ஃபைல் மட்டும் வராது, பல மென்பொருள்கள் அதைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு மேலே போய்விடும்.

தமிழ்ப் பெயர்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 'கொ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: 'க'வுக்கு அடுத்து ஒற்றைக் குறியீடாக 'ொ', அல்லது 'ெ', 'ா' என இரண்டு குறியீடாக. கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். பழைய மேக் டிஸ்க்குகள் பிரித்து வைக்கும், விண்டோஸில் தட்டச்சு செய்தது பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். மேக்கிலிருந்து லினக்ஸ் சர்வருக்கு நகல் எடுத்தால் 'கொ', 'கோ' வரும் ஃபைல்கள் மட்டும் இரட்டையாக நிற்பதும், தேடினால் கிடைக்காததும் இதனால்தான்.

பெங்களூரு வீடுகளில் மொழியையும் ஒரு டேக்காக எழுதுவது நல்லது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஹிந்தியும் ஒரே டிஸ்க்கில் இருக்கும். பி.பி.ஸ்ரீநிவாஸ் என்று தேடினால் ஜெமினி கணேசனுக்குப் பாடியதும் வரும், ராஜ்குமாருக்குப் பாடியதும் வரும். பாட்டிக்கு வேண்டியது ஒன்று, பக்கத்து வீட்டுக்காரருக்கு வேண்டியது மற்றொன்று. மொழி டேக் இருந்தால் ஒரு சொடுக்கில் பிரியும்.

கர்நாடக சங்கீதத்துக்கு ஒழுங்கு வேறு. ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் பாடகர் அல்லது வாத்தியக்காரர். ஆல்பம், 'ஆண்டு - சபா - ஊர்'. சாமராஜபேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதான ராமநவமிக் கச்சேரியானால் அதை அப்படியே எழுதுங்கள். கம்போசர் தியாகராஜரோ தீட்சிதரோ. ராகம், தாளம் என்று இரண்டு டேக்குகளை நீங்களே சேர்க்க வேண்டும். ஃபிளாக்கில் எந்தப் பெயரிலும் டேக் உருவாக்கலாம். ஃபூபார்2000 என்ற பிளேயரில் ராகத்துக்குத் தனிப் பத்தி வைத்தால் வீட்டிலிருக்கும் தோடி எல்லாம் வரிசையாக நிற்கும். ராகப் பெயருக்கும் ஒரே எழுத்துக்கூட்டல். 'சங்கராபரணம்', 'ஷங்கராபரணம்' இரண்டையும் விட்டுவைக்காதீர்கள்.

ஆலாபனை, கிருதி, நிரவல், தனி ஆவர்த்தனம் என்று துண்டு போட்டால் ஃபிளாக்கிலேயே போடுங்கள். எம்பி3 தன் 1,152 மாதிரிகள் கொண்ட கட்டங்களை நிரப்ப முன்னும் பின்னும் மௌனம் சேர்க்கும். அந்தத் தகவலைப் படிக்காத பிளேயரில் துண்டுகளுக்கு நடுவே சின்னதாக ஒரு விக்கல் கேட்கும். தனி முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் அந்த விக்கல் வந்தால் தாளம் போட்டுக்கொண்டிருந்த கை தடுமாறும்.

கேட்கும் மென்பொருளும் ஒலி அளவும்

விண்டோஸில் ஃபூபார்2000 அல்லது மியூசிக்பீ. முதலாவது பார்க்க அரசாங்க அலுவலகம்போல இருக்கும், ஆனால் நீங்கள் உருவாக்கிய டேக் எதையும் காட்டும். லினக்ஸில் ஸ்ட்ராபெர்ரி. ஆண்ட்ராய்டில் பவரேம்ப், ஐபோனில் ஃபூபார் அல்லது விஎல்சி.

பழைய பாட்டு மெல்லிசாக ஒலித்து, அடுத்த புதுப்பாட்டு காதைப் பிளக்கிறதா? ரீப்ளேகெயின் போடுங்கள். மென்பொருள் ஒவ்வொரு பாட்டின் சத்தத்தையும் அளந்து, எவ்வளவு கூட்ட அல்லது குறைக்க வேண்டும் என்ற எண்ணை டேக்கில் மட்டும் எழுதும், ஒலியைத் தொடாது. கலந்து கேட்கும்போது 'டிராக்' அளவு, கச்சேரிக்கு 'ஆல்பம்' அளவு. கச்சேரிக்கு டிராக் அளவு வைத்தால் ஆலாபனையும் தனி ஆவர்த்தனமும் ஒரே உயரத்தில் ஒலித்து எரிச்சலூட்டும்.

போன், கார், வெளியூர்

புளூடூத் இயர்போனில் ஃபிளாக்கே ஓட்டினாலும் போகும் வழியில் மறுபடி சுருக்கப்படும். சாதாரண எஸ்பிசி முறையில் உச்சமே 328 கேபிபிஎஸ்தான். ஆகவே போனில் ஓபஸ் நகலே போதும்.

கார் பென்டிரைவ் தனிக் கலை. ஃபேட்32இல் ஃபார்மேட் செய்யுங்கள். பல கார் ஸ்டீரியோக்கள் அகர வரிசையைப் பார்க்காது, ஃபைல் எழுதப்பட்ட வரிசையில்தான் ஓட்டும். டிரைவ்சார்ட் போன்ற சின்னக் கருவியால் அந்த வரிசையைச் சரிசெய்யலாம். ஆல்பம் கவர் 500க்கு 500, சாதாரண ஜேபெக். 'புரோகிரெசிவ்' ஜேபெக்கைப் பல ஸ்டீரியோக்கள் காட்டாது. தமிழ் டேக் கட்டம்கட்டமாகத் தெரிந்தால் அந்த ஸ்டீரியோவில் தமிழ் எழுத்துரு இல்லை, கார் நகலுக்கு மட்டும் டேக்கை ஆங்கில எழுத்தில் மாற்றுங்கள். ரீப்ளேகெயினையும் கார் மதிக்காது. கார் நகலில் மட்டும் எம்பி3கெயின் ஓட்டிக்கொள்ளலாம், 1.5 டெசிபல் படிகளாகச் சத்தத்தை மாற்றும்.

வீட்டு டிஸ்க்கை எங்கிருந்தும் கேட்க வேண்டுமானால் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி ஒன்றில் நாவிட்ரோம் என்ற பாட்டு சர்வர் மென்பொருளை நிறுவுங்கள். போகும்போதே ஓபஸாக மாற்றி அனுப்பும். ஃபிளாக் அப்படியே ஓடினால் மணிக்கு சுமார் 400 மெகாபைட் டேட்டா, ஓபஸ் 128 என்றால் 60க்குள். பல வீட்டு இணைய இணைப்புகளில் தனிப் பொது முகவரி கிடைப்பதில்லை, அதனால் ரவுட்டரில் போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து நுழைய முடியாது. சாதனங்களைத் தனி வலையாக இணைக்கும் டெயில்ஸ்கேல் வைத்தால் அந்தத் தலைவலி இல்லை. கரண்ட் போய்ப்போய் வரும் ஏரியாவில் மெமரி கார்டிலிருந்து ஓடும் பை சீக்கிரம் படுத்துவிடும். பாட்டையும் அதன் தரவுத்தளத்தையும் யூஎஸ்பி எஸ்எஸ்டியில் வையுங்கள். சில்க் போர்டு நெரிசலில் சிக்னல் கிடைக்கும், மெட்ரோ சுரங்கத்தில் எப்போதும் அப்படியில்லை. ஐம்பது பாட்டாவது போனிலேயே இருக்கட்டும்.

பிரதி

மூலப் பிரதி இரண்டு டிஸ்க்கில், மூன்றாவது வேறு ஊரில். ஓசூருக்கோ வேலூருக்கோ சேலத்துக்கோ பண்டிகைக்குப் போகிறவர்கள் ஒரு டிஸ்க்கை ஊர் வீட்டு பீரோவில் வைத்துவிட்டு, அடுத்த முறை போகும்போது புதுப்பித்துக்கொள்ளலாம். புதிதாக வாங்கிய பென்டிரைவையும் டிஸ்க்கையும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருள் கொண்டு முழுக்க எழுதிப் பாருங்கள். 1 டிபி என்று ஒட்டிய போலியில் உண்மையில் 32 ஜிபிதான் இருக்கும், அதற்கு மேல் எழுதியது எல்லாம் காற்றில் போகும்.

இரண்டு டிஸ்க்கையும் ஒன்றாக்கும் மென்பொருளில் 'மிரர்' முறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இங்கே தவறி அழித்த ஃபோல்டர் அங்கேயும் அழியும். 'அப்டேட்' முறை புதியதை மட்டும் சேர்க்கும். டேக்கைப் பெரிய அளவில் மாற்றுவதற்கு முந்தின நாள் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

வருஷத்துக்கு ஒரு தடவை ஃபூபார்2000இன் சரிபார்க்கும் வசதியில் மொத்த ஃபிளாக்கையும் விட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். எம்டி5 பொருந்தாத ஃபைல்களின் பட்டியல் காலையில் திரையில் இருக்கும். அவற்றை மட்டும் ஊர் டிஸ்க்கிலிருந்து எடுத்து மாற்றுங்கள். ஒரே வருஷத்தில் மூன்று நாலு ஃபைல் பொருந்தாமல் போனால், டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவு செய்யும் ஸ்மார்ட் அறிக்கையை எடுத்துப் பார்த்துவிட்டு அடுத்த டிஸ்க்கை வாங்கிவிடுங்கள்.